எத்தீமின் தலையைத் தடவ வரிசையில் நிற்போருக்கு



நம் தங்கையும் மச்சானும் திருமணமாகிப் பதினோராண்டுகள் குழந்தையின்றி இருந்தவர்கள். சிங்கப்பூரில் வசிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தமிழகத்திலுள்ள ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து, பிறந்தவுடனேயே பெற்றவரால் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார்கள். மாவட்ட ஆட்சியரின் ஆணை, தடையில்லாச் சான்று, குழந்தையின் பெயரில் கடவுச்சீட்டு என்று ஒவ்வொன்றும் கைக்கு வந்து விமானம் ஏறியபோது அவனுக்குப் பதினெட்டரை மாதம். அல்ஹம்துலில்லாஹ். ஊரில் செய்தி பரவியது. மூன்றாம் நாள் நாம் அலைபேசியில் அழைத்தோம். தங்கை சொன்ன பதில் இது:

"காக்கா, எல்லாரும் ஊர்லேர்ந்தே துஆ செய்யுங்க. மூணு மாசத்துக்கு யாரும் வர வேணாம். வீடியோலயும் புள்ளைய காட்ட மாட்டோம். கோவிச்சுக்காதீங்க."

நாம் கோபித்துக்கொண்டோம். இதை மறைப்பதற்கில்லை. இருபதாண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்தி, அநாதைகளை ஆதரிப்பதன் சிறப்பைப் பற்றி எத்தனையோ ஜும்ஆக்களில் பேசிய நாம், நம் குடும்பத்துக்கே ஓர் அநாதை வந்திருக்கும்போது அதன் தலையைத் தடவ விடமாட்டேன் என்கிறாளே என்று வருந்தினோம். தெருவில் பேச்சு வேறு. சிங்கப்பூர்த் திமிர் என்றார் ஒருவர். பெற்ற பிள்ளையைப் பொத்தி வைப்பார்கள், வந்த பிள்ளையையுமா என்றார் இன்னொருவர். யாருமில்லாத ஊரில் தனியாகக் கிடந்து அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாளோ என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்களும் இரக்கத்தின் முடிவில் விசா எப்போது எடுக்கலாம் என்றே கேட்டார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களுக்கும், அன்றைய நமக்கும் எதிராக எழுதப்படுகிறது.

உள்ளம் கடினமாக இருப்பதாக முறையிட்ட ஒரு மனிதரிடம், ஏழைக்கு உணவளிக்குமாறும் அநாதையின் தலையைத் தடவிக் கொடுக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக வரும் ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். அதைப் பிடித்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? ஒரு வீட்டுக்கு அப்படியொரு குழந்தை வந்துவிட்டால் நாற்பது பேர் வரிசையில் போய் நாற்பது கைகளால் தடவுகிறோம். மடியிலிருந்து மடிக்கு மாற்றுகிறோம். ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தை வாயில் திணிக்கிறோம். "என்கிட்ட வர்றியா? இந்த மாமிகிட்ட வா" என்று அழைத்து, அது வந்துவிட்டால் மகிழ்கிறோம். நன்மை நம் ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது என்று வீடு திரும்புகிறோம். அந்த ஹதீஸில் நோய் கேட்டவருடைய உள்ளத்தில் இருந்தது. நம் நோய்க்கு மருந்து தேடி ஒரு குழந்தையை அச்சுறுத்துவதற்கு அதில் எங்கே அனுமதி இருக்கிறது?

ஒன்றரை வயதுக் குழந்தை யாரிடமும் அழாமல் போகிறது என்றால், "நல்லா பழகுற புள்ள, மாஷா அல்லாஹ்" என்கிறோம். இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளை அறிந்தவர்கள் இதைக் கேட்டுக் கவலைப்படுவார்கள். வீட்டில் பிறந்து வளர்ந்த குழந்தை அந்த வயதில் அந்நியரைக் கண்டால் உம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். ஒளிவதற்கு ஒருத்தி இருக்கிறாள் என்று அதற்குத் தெரியும். இல்லத்தில் வேலை நேரத்துக்கு ஏற்ப ஆயாக்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எல்லோரும் ஒன்றே என்று அந்தக் குழந்தை கற்றுக்கொண்டுவிடுகிறது. அது எவர் கைக்கும் போவதற்குக் காரணம் அன்பு மிகுதி அல்ல. தனக்கென்று ஒருவரும் இல்லை என்பதே அதன் அனுபவம். அந்தப் பாடத்தை மறக்க வைப்பதுதான் முதல் மாதங்களின் வேலை. பசித்தால் ஊட்டுவது இந்தக் கை, விழுந்தால் தூக்குவது இந்தக் கை, இரவில் விழித்தால் வருவது இந்தக் குரல் என்று நூறு முறை, இருநூறு முறை நடந்தாக வேண்டும். அதற்கு நடுவே நாற்பது அன்பான கைகள் புகுந்தால், பழைய பாடமே உறுதிப்படும்.

தங்கை இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நாம் அதைத் திமிர் என்றோம்.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். ஆற்றில் மிதந்து வந்து அரண்மனையில் எடுக்கப்பட்ட அந்தக் குழந்தை, கொண்டுவந்து நிறுத்தப்பட்ட செவிலித் தாய்மார்களில் ஒருவரையும் ஏற்கவில்லை. அல்லாஹ்வே அதைத் தடுத்திருந்ததாகக் குர்ஆன் (28:12) கூறுகிறது. வந்த கைகளையெல்லாம் மறுத்த பிறகே உரிய கை வந்து சேர்ந்தது. யூஸுஃப் (அலை) அவர்களை விலைக்கு வாங்கிய மிஸ்ரு நாட்டவர், வீடு சேர்ந்ததும் தம் மனைவியிடம் முதலில் சொன்னது, இவருடைய தங்குமிடத்தைக் கண்ணியமாக அமைத்துக் கொடு என்னும் கருத்தில்தான் (12:21). பிறந்த மண்ணையும் தந்தையையும் இழந்து அந்நிய தேசத்துக்கு வந்த சிறுவருக்கு முதல் தேவை நிலையான ஓர் இடம் என்பது ஈமான் கொள்ளாத அந்த அதிகாரிக்கும் புரிந்திருந்தது. (அதே வீட்டில் பின்னர் நேர்ந்த சோதனை வேறு விஷயம்.) தொழுகையில் நிற்கும்போது ஒரு குழந்தையின் அழுகை கேட்டால், அதன் தாய் படும் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நாமோ குழந்தை அழ அழ நம் விருந்தை நீட்டுகிறோம்.

இனி, ஊரிலிருந்து கிளம்பும் அடுத்த குரல்: "இஸ்லாத்தில் தத்தெடுப்பே ஹராம். இதில் என்ன பெரிய பேச்சு?" இப்படி அரை வரியில் தீர்ப்புச் சொல்லும் பயான்களால் நம் சமுதாயத்துக்கு நேர்ந்த தீங்கு கொஞ்சமல்ல. தடுக்கப்பட்டது என்ன? ஒரு குழந்தையின் வம்சத்தை அழித்து, பெறாதவரைப் பெற்றவர் என்று அழைப்பது. 33-ஆம் அத்தியாயத்தின் 4, 5 வசனங்கள் பேசுவது இதையே. கட்டளையிடப்பட்டது என்ன? ஆதரவற்ற குழந்தையை ஏற்று, ஊட்டி, கற்பித்து, ஆளாக்குவது. இதற்குக் கஃபாலா என்று பெயர். முதல் பாதியை உரத்துச் சொல்லி இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறவர், தடையைச் சொன்னாரே தவிர மார்க்கத்தைச் சொல்லவில்லை.

ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். சிறுவராகக் கொள்ளையர் கையில் சிக்கி, சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா (ரலி) அவர்கள் வழியாக நபி (ஸல்) அவர்களிடம் வந்தவர். பெற்ற தந்தை தேடி வந்து மீட்க நின்றபோதும், நான் இவரிடமே இருக்கிறேன் என்று தேர்ந்துகொண்டவர். ஓர் அந்நிய வீடு எப்படி நடத்தியிருந்தால் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லும்! வசனம் இறங்கியபின் "முஹம்மதின் மகன்" என்ற அழைப்பு நின்றது. அழைப்பு மட்டுமே நின்றது. நேசம் நிற்கவில்லை, பொறுப்பும் நிற்கவில்லை. முஃதா போரில் முதல் தளபதி அவரே. நபித்தோழர்களில் குர்ஆனில் பெயர் சொல்லப்பட்டவரும் அவர் ஒருவரே. பெயரை மாற்றிய வசனத்தை ஓதுபவர்கள் இந்த வாழ்க்கையையும் சேர்த்து ஓத வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் முஸ்லிம்கள் இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியே குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கட்டாயம் அல்ல, விரும்புவோருக்கான வழி என்றும், தம் தனியார் சட்டப்படி நடக்க விரும்புவோர் அவ்வாறே நடக்கலாம் என்றும் அதே தீர்ப்பு கூறியது. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி பாதுகாவலராக மட்டும் இருப்பது இன்னொரு வழி. தங்கை முதல் வழியில் சென்றாள். அதன்படி, ஆவணத்தில் தந்தை என்ற இடத்தில் மச்சானின் பெயர் இருக்கிறது. இதில் நமக்கு மனச்சங்கடம் உண்டு. ஆலிம்களிடையே விவாதமும் உண்டு. ஆனால் குழந்தையிடம் உண்மையை மறைக்கமாட்டோம் என்று அவர்கள் முதல் நாளே முடிவெடுத்தார்கள். இல்லம் கொடுத்த ஒரே புகைப்படம் அவனுடைய படுக்கைக்கு மேலே இருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்தபின் தன் வேரைத் தேடி விண்ணப்பிக்க அவனுக்கு உரிமையும் இருக்கிறது. ஷரீஅத்தில் அவன் வாரிசு ஆகமாட்டான். எனவே மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்தும், வாழ்நாளிலேயே ஹிபாவும் என்று மச்சான் கணக்கிட்டு வைத்திருக்கிறார். ஹராம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டதன் விளைவு என்ன தெரியுமா? குழந்தையில்லாத் தம்பதியர் சிலர் எங்கோ, எவரிடமோ பச்சிளங்குழந்தையைப் பணம் கொடுத்து வாங்கி, தாமே பெற்றதாகப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி குற்றம், மார்க்கப்படி வம்ச மோசடி, அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் பொய். அந்த வீட்டுக்கு நாம் போய் மவ்லிது ஓதி விருந்துண்டு வருகிறோம். ஒளிவுமறைவின்றி வந்த குழந்தையின் வீட்டில்தான் ஹராம், ஹலால் பேசுகிறோம்.

நாம் சிங்கப்பூர் சென்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். வளர்ப்பு மகன் பருவமடைந்தால் தங்கைக்கு அந்நியன் ஆவான், அவன் முன்னிலையில் ஹிஜாப் வேண்டும் என்று தயங்கியே பலர் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஷரீஅத்திலேயே வழி இருக்கிறது. இரண்டு வயதுக்குள், ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஐந்து தனித்தனி வேளை பால் அருந்தினால் பால்குடி உறவு உண்டாகும். மார்பில் அருந்த வேண்டும் என்பதில்லை. கறந்து புகட்டினாலும் போதும். ஆனால் ஒரே தடவையில் கறந்ததை ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் வலுவான கருத்தின்படி அது ஒன்றாகவே எண்ணப்படும். கறப்பதும் ஐந்து, புகட்டுவதும் ஐந்து என்று இருக்க வேண்டும். அப்போது நம் இல்லாளின் மடியில் எட்டு மாதக் கடைக்குட்டி இருந்தது. அவள் பால் கொடுத்தால் நாம் அவனுக்குப் பால்குடித் தந்தை, நம் தங்கை அவனுக்கு மாமி. மஹ்ரம் ஆகிவிடுவாள். இரண்டு வயது என்பது சந்திரக் கணக்கில் என்பதால் ஆங்கில மாதக் கணக்கில் 23 மாதமும் சில நாள்களுமே. மூன்று மாதம் வராதே என்கிறாளே, காலக்கெடு கடந்துவிடுமே என்று நாம் பதறினோம். அவளோ அதை நமக்கு முன்பே கணக்கிட்டு வைத்திருந்தாள். இரண்டாம் மாத முடிவில் அழைத்தாள். ஒரு நிபந்தனையும் இட்டாள்: "மச்சி பாலைக் கறந்து தரட்டும். குடுக்கறது நான்தான்."

நம் இல்லாள் முகம் வாடியது. பாலும் கொடுத்து, பிள்ளையைத் தொடவும் கூடாதா? நமக்கும் அது கடுமையாகவே பட்டது.

நாம் தங்கியது இரண்டு புளோக் தள்ளி, மச்சானின் நண்பர் வீட்டில். தங்கையின் வீடு பன்னிரண்டாம் மாடியில். முதல் நாள் நாம் உள்ளே போனபோது அவன் நம்மைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டி நேராக நடந்து வந்தான். நம் உள்ளம் நெகிழ்ந்தது. தூக்கக் குனிந்தோம். தங்கை குறுக்கே வந்து அவனைத் தூக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "இன்னும் அப்படித்தான் காக்கா. லிஃப்ட்ல யார் வந்தாலும் இப்படியே போறான்" என்றாள்.

அந்தப் பதினைந்து நாள்களில் நாம் கண்டவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறோம். அவன் விழுந்தால் அழமாட்டான். முட்டி சிராய்த்து இரத்தம் வந்தபோதும் எழுந்து நின்று சுவரைப் பார்த்தான். அழுது பயனில்லை என்று அறிந்த குழந்தை. சோற்றில் ஒரு பிடியை எப்போதும் கையிலேயே வைத்திருப்பான், உறங்கும்போதும். அதைப் பிடுங்கக்கூடாது என்று மச்சான் சொன்னார். இல்லத்தில் கொடுத்த அதே ராகிக் கஞ்சி, அதே வேளையில். இல்லத்திலிருந்து கொண்டுவந்த கந்தல் துண்டைத் துவைக்காமல் வைத்திருந்தாள் தங்கை. அந்த வாடைதான் அவனுக்குத் தெரிந்த வீடு. நாம் ஊரிலிருந்து எடுத்துப்போன புதுச் சட்டைகள் பெட்டியிலேயே கிடந்தன. வீட்டில் தமிழ் மட்டுமே பேசினார்கள். ஆயாக்களின் தமிழ் மட்டுமே அவன் காதில் விழுந்த மொழி. வந்த மாதமே ஏபிசிடி தொடங்கும் பெற்றோர் இதைக் கவனிக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு விழித்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பானாம். யாரையோ எதிர்பார்க்கிறான். இல்லத்தில் அவனை உறங்கவைத்த ஆயா யாரோ ஒருத்தி இருந்திருக்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று சொல்லுகிறோமே, அதற்கும் பிரிவுத் துயரம் உண்டு.

எதிர்வீட்டு மலாய் மூதாட்டி நம் அனைவரையும்விட மார்க்கம் அறிந்தவர். அந்த இரண்டு மாதமும் வாரம் இருமுறை சோறும் குழம்பும் பையில் கட்டி இரும்புக் கதவில் மாட்டிவிட்டு, மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விடுவாராம். உள்ளே வந்து குழந்தையைக் காட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. யாருமில்லாத ஊர் என்று நாம் இரங்கினோமே, அந்த ஊர்தான் அவர்களுக்கு அரணாக இருந்தது. ஆனால் அந்தத் தனிமை எளிதானது என்று சொல்லவில்லை. தங்கை இளைத்துப்போயிருந்தாள். மச்சான் தம் விடுப்பனைத்தையும் தீர்த்திருந்தார். உதவ விரும்புவோர்க்கு வேலை இருந்தது: கடைக்குப் போவது, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது. நம் இல்லாள் அதைச் செய்தாள். முதல் இரண்டு நாள் முணுமுணுப்போடு, பிறகு முணுமுணுப்பின்றி.

பால் விஷயம் ஐந்து நாளில் முடிந்தது. ஒவ்வொரு நாளும் இல்லாள் உள்ளறையில் கறந்து கிண்ணத்தில் தருவாள். தங்கை அவனை மடியில் வைத்துத் தன் கையால் புகட்டுவாள். நான்காம் நாள் குடித்து முடித்துவிட்டு, கிண்ணத்தைத் தட்டிவிட்டு, தங்கையின் காதைப் பிடித்துக்கொண்டே உறங்கினான். ஐந்தாம் வேளை முடிந்ததும் நாள், நேரம் குறித்து எழுதிச் சாட்சிகளோடு வைத்தோம். நம் பெண்மக்களுக்கு அவன் சகோதரன் என்பதை இரு குடும்பமும் மறந்துவிடக் கூடாதல்லவா. (பெண் குழந்தையாயின் கணவரின் சகோதரியோ தாயோ கொடுக்க வேண்டிவரும். விவரங்களை உள்ளூர் ஆலிமிடம் கேட்டுக்கொள்க, குழந்தையைக் கொண்டுவரும் முன்னரே கேட்டுக்கொள்க.)

பதிமூன்றாம் நாள், அஸருக்குப் பிறகு, நாற்காலியில் இடித்துக்கொண்டான். ஒரு கணம் சுவரைப் பார்த்தான். பிறகு தங்கை இருந்த சமையலறைப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, கட்டடமே கேட்கும்படி அழுதான். நாம் அருகில்தான் இருந்தோம். தூக்கப் போனோம். நம் கையைத் தள்ளிவிட்டான். நம்மைக் கண்டு மிரண்டு, தவழ்ந்தும் ஓடியும் அவளிடம் போய் முந்தானைக்குள் புகுந்துகொண்டான். தங்கை அடுப்பை அணைக்கவும் மறந்து தரையில் அமர்ந்து அவனைக் கட்டிக்கொண்டு அவனோடு சேர்ந்து அழுதாள். "காக்கா, உங்கள வேணாங்குறான் காக்கா" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். நம் வாழ்நாளில் ஒரு குழந்தை நம்மை மறுத்ததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தது அன்று ஒருநாள்தான்.

இன்ஷா அல்லாஹ், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர்கள் ஊர் வருகிறார்கள். தெருவில் இப்போதே வரவேற்பு, விருந்து, பள்ளியில் துஆ என்று திட்டம் போடுகிறார்கள். ஜமாஅத் தலைவரிடம் நாம் நேரில் சொல்லிவிட்டோம்: விருந்து வேண்டாம், மேடை வேண்டாம், புகைப்படம் வேண்டாம். பார்க்க வருவோர் இருவர் மூவராக வரட்டும், திண்ணையில் அமரட்டும், அவனாக வந்தால் பேசட்டும். அவனுடைய பெற்றோர் யார், எந்த ஊர், என்ன சாதியிலிருந்து வந்தான் என்று எவரும் எந்தக் குழந்தை முன்னிலையிலும் கேட்கக்கூடாது. பெரியவர் ஒருவர், "அப்ப எத்தீம் தலையைத் தடவுற நன்மை?" என்றார். மதரஸா விடுதியில் பதினாறு பிள்ளைகள் இருக்கிறார்கள், பல மாதங்களாக அவர்களைப் பார்க்க எவரும் வரவில்லை, அவர்களுக்கு உங்களைத் தெரியும்படி வாரம் ஒருமுறை வந்து போங்கள் என்றோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை இரண்டு வாரம் வந்தார்.